அண்ணி அழித்த நீல வளையம்

எங்கள் ஸ்டூடியோவில் எடுத்த படத்தில் யாருக்கும் பரு இருந்ததில்லை. கண்ணுக்குக் கீழே கறுப்பு இருந்ததில்லை, காதில் முடி இருந்ததில்லை. அத்தனைக்கும் காரணம் என் அண்ணி. அண்ணன் படம் எடுப்பான், நான் கல்லாவில் உட்காருவேன், அண்ணி உள்ளறையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஊரார் முகத்தையெல்லாம் துடைத்துத் தருவாள். தெருவில் அவளுக்கு 'டச்சிங் அக்கா' என்றுதான் பெயர். வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால்கூட என் தாடையையே பார்ப்பாள். "என்ன அண்ணி?" என்றால், "ஒண்ணுமில்ல, அந்த மச்சத்த எடுத்துட்டா எப்படி இருக்கும்னு பாத்தேன்" என்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

முன்னொரு காலத்தில் ஒரு வாடிக்கையாளர் திருத்தாத படத்தையும் திருத்திய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்துவிட்டு, "அப்ப என் மூஞ்சி என்ன அவ்வளவு கேவலமாவா இருக்கு?" என்று கடையை இரண்டாக்கிவிட்டார். அன்றைக்கே அண்ணன் சட்டம் போட்டான்: திருத்திய படத்தை அசலின் மேலேயே சேமித்துவிட வேண்டும், அசல் என்று ஒன்று உலகத்திலேயே இருக்கக் கூடாது. அண்ணியின் விரல் அதற்கு அப்படிப் பழகிப்போனது. தூக்கத்தில் எழுப்பினாலும் ஒரு அசலை அழித்துவிட்டுத்தான் கண்ணைத் திறப்பாள்.

இப்படிப்பட்டவளுக்குப் பறவைப் பைத்தியம் பிடித்தது தற்செயல்தான். ஸ்டூடியோவுக்குப் பின்னணிப் படம் வேண்டுமென்று ஏரியை எடுக்கப் போனாள். தண்ணீரும் வானமும் மட்டும் வந்தால் போதும். அந்த நேரம் பார்த்து ஒரு பெரிய பறவை வானத்திலிருந்து கல் மாதிரி விழுந்து, தண்ணீரைக் கிழித்து, மீனோடு எழுந்து போயிருக்கிறது. விராலடிப்பான் என்கிற மீன்பிடிக் கழுகு அது. கேமராவைக் கையில் வைத்துக்கொண்டே ஒரு படம்கூட எடுக்காமல் திரும்பி வந்தாள். வந்தவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! எந்தத் திருத்தமும் தேவைப்படாத முகம்.

அன்றிலிருந்து ஸ்டூடியோ திறக்கும் முன்பு ஏரிதான். உலக்கை கனத்துக்கு ஒரு பழைய லென்ஸ், அண்ணனின் கிழிந்த மழைக்கோட்டு. சேற்றில் குப்புறப் படுத்துக் கிடப்பாள். மாதக்கணக்கில் அவளுக்குக் கிடைத்ததெல்லாம் வெறும் தண்ணீரும் ஒரு வாலும்தான். அண்ணன் கிண்டல் செய்வான். நானும் சும்மா இருக்கவில்லை. ஆனால் ஊர் அரங்கில் பறவைக் கழகம் ஆண்டுக்கொரு முறை நடத்தும் கண்காட்சியில் தன் படம் ஒன்று தொங்க வேண்டும் என்று அவள் சொன்னபோது மட்டும் நான் வாயை மூடிக்கொண்டேன். கல்லூரிப் பக்கம் போகாதவள், பத்து வருஷமாக அடுத்தவர் முகத்தையே துடைத்துக்கொண்டிருப்பவள், தனக்கென்று கேட்ட ஒரே ஆசை அது.

கடைசியில் பறவை மனமிறங்கியது. அன்றைக்கு நானும் போயிருந்தேன். வானத்தில் ஒரே இடத்தில் நின்று சிறகடித்தது. "வருது வருது வருது" என்று அண்ணி முணுமுணுத்தாள். காலை முன்னால் நீட்டிக்கொண்டு விழுந்தது. தண்ணீருக்குள் முழுசாகப் போய்விட்டது! ஒரு நொடி, இரண்டு நொடி, வெளியே வந்தது, காலில் மீன்! எழும்பிய வேகத்தில் நனைந்த நாய் மாதிரி ஆகாயத்திலேயே உடம்பை உதறியது. கேமரா படபடவென்று அடித்துத் தீர்த்தது. பறவை மறைந்ததும் அண்ணி சேற்றுக் கையோடு என்னைக் கட்டிப்பிடித்தாள். என் வெள்ளைச் சட்டை அத்தோடு போனது. திட்டக்கூடத் தோன்றவில்லை.

அதில் ஒரு படம் பிரமாதம். விரிந்த சிறகு, மஞ்சள் கண் நம்மையே பார்க்கிறது, மீன் பளபளக்கிறது. அண்ணி அன்றே திருத்தினாள், தேறாதவற்றை அழித்தாள், கேமராவின் மெமரி கார்டையும் துடைத்தாள், படத்தைக் கழகத்துக்கு அனுப்பினாள்.

மூன்றாம் நாள் காலை போன் வந்தது. கழகத்துக்கார அம்மா. அண்ணி ஸ்பீக்கரில் போட்டாள்.

"உங்க படம் தேர்வாயிருச்சும்மா! நடு சுவர்ல மாட்டப் போறோம். கேமராவுல எடுத்த அசல மட்டும் சாயங்காலத்துக்குள்ள அனுப்பிருங்க. வெளிச்சம் கூட்டலாம், குறைக்கலாம், பரவாயில்ல. எதையும் எடுத்திருக்கக் கூடாது, அவ்வளவுதான்."

சொல்லிவிடாதீர்கள் என்று நான் கண்ணால் ஜாடை காட்டினேன். அண்ணிக்குப் பொய் வராது. "ஒண்ணே ஒண்ணு எடுத்தேங்க. கால்ல நீலமா ஏதோ பிளாஸ்டிக் சுத்தியிருந்துச்சு. அசிங்கமா இருந்துச்சுன்னு அழிச்சுட்டேன்."



"அம்மா," என்றது குரல், நிதானமாக, "அது பிளாஸ்டிக் குப்பை இல்ல. வளையம். எந்தப் பறவைன்னு தெரியறதுக்காக அது குஞ்சா இருக்கும்போதே நாங்க மாட்டி விடறது. அசல அனுப்புங்க. அசலயே மாட்டிருவோம். அது இல்லன்னா என்னால ஒண்ணும் செய்ய முடியாது."

போனை வைத்த அண்ணியின் முகம் வெளுத்துப்போயிருந்தது. அசல்தான் உலகத்திலேயே இல்லையே!

"கார்டு?" என்றேன். "துடைச்சதுக்கு அப்புறம் எதுவும் எடுக்கலையே? அழிஞ்சதத் தோண்டி எடுக்கற சாஃப்ட்வேர்தான் நம்மகிட்ட இருக்கே!"

அவள் கைப்பையைத் திறந்தாள். கார்டு இல்லை. "உங்க அண்ணன்..." என்றாள். காலையில் தன் கார்டு மக்கர் செய்ததென்று அவள் கார்டை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குக் குரூப் போட்டோ எடுக்கப் போய்விட்டான். அவன் அடிக்கும் ஒவ்வொரு படமும் நம் பறவையின் மேல் ஏறி உட்காரும். போன் செய்தால் போகவில்லை. வேலை நேரத்தில் அணைத்து வைப்பது அந்த மகானின் இன்னொரு சட்டம்.

எதிர்க்கடையில் புது கார்டு ஒன்றை வாங்கிக்கொண்டு ஸ்கூட்டரைக் கிளப்பினேன். பின்னால் அண்ணி, "சீக்கிரம், சீக்கிரம்" என்று என் தோளைப் பிய்த்தாள். பள்ளி வாசலில் வண்டி நிற்கும் முன்பே குதித்து ஓடினாள். மைதானத்தில் பிள்ளைகள் வரிசையாக நிற்க, அண்ணன் பெஞ்சின் மேல் ஏறிக் கேமராவைத் தூக்கியிருந்தான்.

"ஏங்க, அமுக்காதீங்க! அமுக்காதீங்க!"

அத்தனை பிள்ளைகளும் திரும்பிப் பார்த்தார்கள். தலைமையாசிரியை போட்டோவுக்காகச் சிரித்த வாயை மூடவில்லை. அண்ணன் திகைத்துப்போய், "யாருக்கு என்ன ஆச்சு?" என்றான்.

"பறவைக்கு!" என்று அண்ணி கேமராவைப் பிடுங்கினாள். நான் புது கார்டை அவன் கையில் திணித்தேன். அவன் என்னைத் திட்டியது எனக்குக் கேட்கவே இல்லை.

உள்ளறையில் இரண்டு பேரும் ஒரே நாற்காலியில் உட்கார்ந்தோம். சாஃப்ட்வேர் தோண்டித் தோண்டித் திரையில் ஒவ்வொன்றாகக் காட்டியது. ஆறாம் வகுப்பு. ஏழாம் வகுப்பு. வெறும் சாம்பல் நிறக் கட்டம். பிறகு அந்தப் பிரமாதமான படம் வந்தது. மேல் பாதியில் சிறகும் மஞ்சள் கண்ணும், கீழ் பாதியில் மீனும் காலும் இருக்க வேண்டிய இடத்தில் எட்டாம் வகுப்பின் முதல் வரிசை. அண்ணி வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்கு அண்ணனைக் கொல்ல வேண்டும்போல் இருந்தது.

"இருங்க அண்ணி, இன்னும் ஓடுது."

சாம்பல். சாம்பல். அடுத்து ஒன்று முழுசாக வந்தது. முழுசாக! ஆனால் எப்படிப்பட்ட படம்! உதறும்போது எடுத்தது. சிறகு குறுக்கே வந்து தலையை மறைத்திருந்தது. ஒரு கால் மீனைப் பிடித்திருக்க, பிடியை மாற்றுவதற்காக மற்றக் கால் நேராக நம்மைப் பார்த்து நீண்டிருந்தது. மீனில் பாதி படத்துக்கு வெளியே போயிருந்தது. நீண்ட காலில் நீல வளையம். அண்ணி பெரிதாக்கினாள். இரண்டு எழுத்து, ஒரு எண். பளிச்சென்று தெரிந்தது.

"மூஞ்சியே தெரியலையே," என்றாள். அழுகை முட்டியது. "இத எப்படி அனுப்பறது? நம்ம கடையில இத வெளியிலயே விட மாட்டோமே."

"அனுப்புங்க. தொடாம அனுப்புங்க."

அவள் கை பழக்கத்தில் டச்சிங் கருவியின் பக்கம் போனது. நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். இடது கையால் அனுப்பினாள்.

கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது, போன் அடித்தது. அந்த அம்மாவின் குரல் அடையாளமே தெரியவில்லை.

"அம்மா, இது நான் மாட்டினது! என் கையால மாட்டினது! வடக்க இமயமலைப் பக்கம் போயிருந்தப்ப, கூட்டுல ரெண்டு குஞ்சு. ஒண்ணு நல்லா கொழுகொழுன்னு இருந்துச்சு. இது சவலை. தேறாதுன்னு சொன்னாங்க. சரி, வந்ததுக்கு மாட்டுவோம்னு மாட்டினேன். அதுக்கப்புறம் இத யாருமே பாக்கல. செத்துப்போச்சுன்னே எழுதிட்டோம்."

அண்ணியும் நானும் ஒருவர் கையை ஒருவர் நசுக்கிக்கொண்டிருந்தோம்.

"நடு சுவர் இதுக்குத்தான். நீங்க எதையும் தொடாதீங்க, அப்படியே மாட்டறேன்," என்றாள் அந்த அம்மா. மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "ஒண்ணு மட்டும் சொல்லுங்கம்மா. நீங்க நேர்ல பாத்தீங்கல்ல? படத்துல பாதிதான் தெரியுது. அது புடிச்ச மீன் பெருசா?"

"பெருசுங்க," என்றாள் அண்ணி. கன்னமெல்லாம் நனைந்திருந்தது, துடைக்கவே இல்லை. "படத்துலயே அடங்கல."