சண்டை முடிந்த வருசம் நான் வேய்ந்த கூரை

ஐப்பசி பிறந்துவிட்டால் எங்கள் வீட்டில் யாரும் சும்மா இருக்க முடியாது. நான் இருக்க விடமாட்டேன். மாரி தொடங்குவதற்கு முன் பாய், தலையணை எல்லாம் வெயில் காண வேண்டும். மிளகாயும் மல்லியும் காய்ந்து இடிபட்டு டின்னுக்குள் போக வேண்டும். அடுப்பெரிக்கத் தேங்காய்ப் பொச்சுமட்டையும் காய்ந்த தென்னம்பாளையும் குசினிக்குள் கூரை முட்ட அடுக்க வேண்டும். வீட்டைச் சுற்றி வாய்க்கால் வெட்ட வேண்டும். கற்பிட்டி மணல் எவ்வளவு தண்ணீரையும் குடித்துவிடும் என்று நம்பி வாய்க்கால் வெட்டாமல் விட்டவர்களின் அடுப்புக்குள் தவளை குந்தியிருந்ததை என் கண்ணால் கண்டிருக்கிறேன். என் அடுப்பில் ஒரு நாளும் குந்தியதில்லை.

எனக்குப் படிப்பு மூன்றாம் வகுப்பு மட்டும்தான். ஆனால் சண்டைக்காலத்தில் எங்கள் முஸ்லிம் சனத்தை விரட்டிய போது மன்னாரில் இருந்து உடுத்த துணியோடு தோணியில் வந்து இந்தக் கரையில் இறங்கினவள், யாரோ ஒருவருடைய வாடியில் மீன் வெட்டத் தொடங்கி, பிறகு எனக்கென்று கருவாடு காயப்போட்டு, அந்தக் கருவாட்டு யாவாரத்திலேயே ஒரு துண்டுக் காணி வாங்கிக் கல்வீடு கட்டினேன். கூரைக்கு ஓடு போட அப்போது கை எட்டவில்லை, பின்னின தென்னோலைக் கிடுகுதான். எட்டவில்லையே என்று ஒருவரிடமும் கை நீட்டவுமில்லை. எங்கள் வரிசையில் முதல் கல்வீடு என்னுடையது. இரண்டாவது எழும்ப வெகுகாலம் பிடித்தது.

உப்புக் காற்றில் கிடுகு இரண்டு மாரிக்கு மேல் தாங்காது. அதனால் வருசாவருசம் சிலாபப் பக்கத்துத் தென்னந்தோட்டங்களில் இருந்து லொறியில் கிடுகு வரும். ஆண்கள் வீட்டுக்கு வீடு மாறிமாறி ஏறி வேய்ந்து கொடுப்பார்கள். வேய்கிற வீட்டுக்காரி எல்லோருக்கும் வயிறு நிறையச் சோறு போட வேண்டும். கூலி என்ற பேச்சே இல்லை.

சண்டை முடிந்த வருசம் அந்த வழக்கம் நின்றது. மாரிக்கு முன்னம் எல்லோரும் ஊருக்குத் திரும்பப் போகிறோம் என்ற கதை. தேத்தண்ணிக் கடையில் அந்தக் கதை, பள்ளிவாசல் முற்றத்திலும் அந்தக் கதை. போகிறவனுக்கு எதற்குப் புதுக் கூரை? கதை முற்றி முற்றி, கூரையில் கை வைக்கிறவன் ஊருக்குப் போக மனமில்லாதவன் என்ற இடத்தில் வந்து நின்றது. லொறி வந்து ஹோன் அடித்தது. என்னைத் தவிர ஒருவரும் வெளியே தலை காட்டவில்லை. பல காலமாகக் கிடுகு கொண்டுவருகிற சிங்களச் சாரதி என்னைக் கண்டதும் எட்டிப் பார்த்தார். அவருடைய பாசையில் நான் அவருக்கு அக்கே, அவர் எனக்கு மல்லி, தம்பி.

“என்ன அக்கே, இந்த முறை மழை வராதா?”

“மழை வரும் மல்லி. நாங்கதான் போறமாம்.”

“எப்ப?”

“அதை அந்தத் தேத்தண்ணிக் கடையில போய்க் கேளுங்க. அவங்களுக்குத்தான் எல்லாம் தெரியும்.”

ஊருக்குப் போகும் ஆசை எனக்கும் குறைவில்லை. என் உம்மாவும் வாப்பாவும் அந்த மண்ணில்தான் அடங்கியிருக்கிறார்கள். ஆனால் என் மூத்த மகள் தலைப்பிள்ளைப் பேறுக்காக வீட்டுக்கு வந்திருந்தாள். நடு மாரியில் பிள்ளை பிறக்கும். பெற்றவளும் பிள்ளையும் நாற்பது நாள் இருக்க வேண்டிய அந்த அறையில் படுத்துக்கொண்டே நட்சத்திரம் பார்க்கலாம், கூரை அப்படிக் கிடந்தது. பச்சைப் பிள்ளையின் தலையில் வாடை மழை விழுந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். வந்து இறங்கிய முதல் மாரியில் இந்தக் கரையில் எத்தனை பிள்ளைகளை அடக்கினோம் என்று நான் எழுதப் போவதில்லை.

என் கணவரிடம் சொன்னேன்.

“இஞ்சேருங்க, கிடுகு இறக்கப் போறன்.”

“விசரா உனக்கு? வாற மாசம் போறம். சனம் என்ன சொல்லும்?”

“சனமா வந்து புள்ளைக்கு மேல குடை புடிக்கப் போகுது?”

“கூரைக்கு மேல பிளாஸ்டிக் படங்கை இழுத்துக் கட்டுவம். அது போதும்.”

“போன மாரி நீங்க கட்டின படங்கு பள்ளி மினாராவில தொங்கினது மறந்து போச்சா?”

“நான் ஏற மாட்டன். சொல்லிப்போட்டன்.”

“ஏறச் சொல்லி ஆர் கேட்டது?”

கிடுகை இறக்கினேன். என் கையால் சோறு தின்ற ஆண்கள் ஒவ்வொருவரின் வாசலிலும் போய்க் கூப்பிட்டேன். ஒருவருக்கு இடுப்புப் பிடித்திருந்தது. இன்னொருவருக்குப் பட்டணத்தில் அவசர வேலை. தின்ற போது ஒருவருக்கும் இடுப்புப் பிடிக்கவில்லை. சரி போங்கள் என்று வந்து, கணவருடைய பழைய களிசானை உடுப்புக்கு உள்ளே காலில் ஏற்றி, தலையை இறுக்கிக் கட்டிக்கொண்டு ஏணியில் ஏறினேன்.

கூரை வேய்வது பெரிய வித்தை என்று ஆண்கள் காலம் காலமாக எங்களை ஏய்த்திருக்கிறார்கள். மீன் செதில் எப்படி அடுக்கியிருக்கிறதோ, அவ்வளவுதான். கீழ் விளிம்பில் தொடங்கி மேலே போக வேண்டும். கீழ்க் கிடுகின் தலையை மேல் கிடுகு மூட வேண்டும். வாழ்நாள் முழுக்கச் செதில் சுரண்டினவளுக்கு இதை ஒருவன் வந்து காட்ட வேண்டுமா? பழைய வலைக் கயிற்றால் இறுக்கிக் கட்டிக் கட்டி ஏறினேன்.

எனக்கு மச்சி முறையான பக்கத்து வீட்டுக்காரி வேலிக்கு மேலால் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தாள்.

“யா அல்லாஹ்! மச்சி, இறங்குங்க! ஆம்புளைகள் பாக்கிறாங்க!”

“பாக்கட்டும். பாத்தாவது படிக்கட்டும்.”

“ஊருக்குப் போற ஆக்கள் இப்பிடியா கூரை மேயிறது? உங்களுக்கு இஞ்சதான் கபுறு வெட்டணும் போல.”

“எங்க குழி வெட்டினாலும் அது வரைக்கும் நனையாமக் கிடப்பன். கதைய விட்டுட்டு அந்தக் கயித்தை எறிங்க.”

முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் எறிந்தாள். ஆனால் எறிந்தாள்.

பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு ஆண்கள் அந்த வழியால் வந்த போது நான் முகட்டுக்குக் கிட்டப் போயிருந்தேன். என் கணவரும் அவர்களோடு. ஒருவர் அவரிடம், “உங்கட வீட்டில ஆர் மேசன், ஆர் சமையல்?” என்று கேட்டார். அவருக்கு முகம் கறுத்துவிட்டது.

“இறங்கு. மானம் போகுது.”

“போனாப் போகட்டும். மழை வருது.”

“முகட்டையாவது நான் கட்டுறன். நீ இறங்கு.”

இறங்கினேன். களைத்துப்போய் இல்லை, மகளுக்குச் சோறு வடிக்க வேண்டியிருந்தது.

அடுத்த கிழமை ஆண்கள் சேர்ந்து வான் பிடித்து ஊரைப் பார்த்துவரப் போனார்கள். திரும்பி வந்தவர்களிடம் கதை குறைந்திருந்தது. வீடுகள் இருந்த இடத்தில் காடு. கிணறுகள் தூர்ந்து கிடந்தன. இந்த மாரிக்கு முன்னம் ஒருவரும் போக ஏலாது. அப்போதுதான் எல்லோருக்கும் கிடுகு நினைவு வந்தது. ஓடினார்கள். சாரதி தன் கிடுகையெல்லாம் உடப்பு ஊர்ப் பக்கம் விற்றுத் தீர்த்திருந்தார்.

எனக்கு ஊருக்குப் போக விருப்பமில்லை என்று அன்றைக்குச் சொன்னவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். சொல்லட்டும். ஊருக்குப் போவது என் உரிமை. போகும் வரைக்கும் என் வீட்டுக்குள் நனையாமல் இருப்பதும் என் உரிமைதான். ஒன்றைக் கேட்கிறவள் மற்றதை விட்டுவிட வேண்டும் என்று எந்தக் கிதாபில் இருக்கிறது?

மாரி வந்தது. சும்மா வரவில்லை, கடலையே தூக்கிக்கொண்டு வந்தது. மகள் ஆசுபத்திரியில் பெண்பிள்ளையைப் பெற்று, கொட்டுகிற மழைக்குள் திரீவீலில் வீட்டுக்கு வந்தாள். மறுநாளே பக்கத்து வீட்டுக்காரி பிள்ளைகளையும் பாய்களையும் இழுத்துக்கொண்டு என் வாசலில் நின்றாள். உள்ளே வரச் சொன்னேன். தேத்தண்ணி கொடுத்தேன். அவள் குடித்து முடித்த பிறகுதான் கேட்டேன்.

“கூரை எப்பிடி, மச்சி?”

“நல்லம்,” என்றாள் தலையைக் குனிந்தபடி.

“மழைச் சத்தத்தில கேக்கல்ல.”

“நல்லம் எண்டு சொல்றன்! போதுமா?” என்று கத்தினாள். பிறகு இரண்டு பேரும் சிரித்தோம்.

அவளுடைய புருசனும் வேறு மூன்று நாலு ஆண்களும் முன் அறையில் என் கணவரோடு கூடியிருந்தார்கள். நான் மகளின் அறையில் கரிநெருப்புக்கு மேல் கூடையைக் கவிழ்த்துப் பிள்ளையின் துணிகளைக் காயவைத்துக்கொண்டிருந்தேன். மாரியில் அதுவே முழுநாள் வேலை. முன் அறையில் இருந்து அவருடைய குரல் கேட்டது.

“இது நாங்க பாத்துப் பாத்து மேஞ்ச கூரை. எனக்கு அப்பவே தெரியும், மாரிக்கு முன்னம் போக ஏலாது எண்டு.”

விட முடியுமா?

“நாங்க இல்ல, நான்!” என்று உள்ளே இருந்தே சத்தம் போட்டேன். “நீங்க கட்டினது முகடு மட்டும். உங்கட தலைக்கு மேல ஒழுகுதே, அதுதான் உங்கட வேல!”

கதவால் எட்டிப் பார்த்தேன். எல்லோரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் கணவர் கதிரையைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டார்.

“உம்மா, மெதுவாக் கதைங்க,” என்றாள் மகள். “புள்ள முழிச்சிருவா.”

பிள்ளை முழிக்கவில்லை. உடம்பில் ஒரு துளி படாமல் சூடாகக் கிடக்கிற பிள்ளை எதற்கு முழிக்கப் போகிறது? நான் அடுத்த துணியை எடுத்துக் கூடையில் விரித்தேன்.