ஹாரன் அடித்தால் ஏறும் கோடு

கும்மிடிப்பூண்டி இரும்பு ஆலையில் நான் லாரி எடை போடுகிறவன். காலையில் என் கம்ப்யூட்டர் கண் திறப்பதற்குள் வாசலில் லாரிகள் வரிசை கட்டிவிடும். புதுசு வேண்டும் என்று கேட்டேன். "ஆதாரம் காட்டுங்க, வாங்கித் தரேன்" என்றார் மேனேஜர்.

ஸ்விட்ச் போட்டதிலிருந்து எடை காட்டும் வரைக்கும் எவ்வளவு நேரம் ஆகிறது என்று தினமும் செல்போனில் அளந்து வரைபடம் போட்டேன். கோடு சில நாள் தரையில் படுத்திருந்தது, சில நாள் தென்னை மரம் ஏறியது. பெருமையாக நீட்டினேன்.

மேனேஜர் கோட்டுக்குக் கீழே இருந்த தேதிகளை உற்றுப் பார்த்தார். "லாரி நிறைய வர்ற அன்னிக்கு மட்டும் லேட்டாவுதே! வெளியே எத்தினி வண்டி நிக்குதுன்னு கம்ப்யூட்டருக்கு எப்படிங்க தெரியும்?"

ரசீதுக்காக ஜன்னலில் நின்ற டிரைவர் முந்திக்கொண்டார்.

"அதுக்கு இன்னா சார் தெரியும்? நாங்க ஹாரன் அடிச்சா இவருதான் பேஜாராயி, பாதியில ஆஃப் பண்ணி ஆஃப் பண்ணிப் போட்டுக்கினு கீறாரு!"

நான் ஒரு மாதமாக வரைந்தது என் பதற்றத்தைத்தான்.

புதுக் கம்ப்யூட்டர் வரவில்லை. 'ஹாரன் அடிக்காதீர்' என்று வாசலில் ஒரு போர்டு வந்தது. கோடு இப்போது தரையைவிட்டு எழுந்திருப்பதே இல்லை.