தீவனத்துக்கு ஒரு பத்தி

சேலத்தில் திவால் வழக்கு மட்டுமே பார்க்கிற வக்கீல்கள் ரொம்பக் குறைவு. நான் அவர்களில் ஒருத்தி. நொடித்துப்போன கம்பெனியை மூடவிடாமல், கடனை மாற்றியமைத்துத் தூக்கி நிறுத்துவது என் வேலை. அந்தத் தலைக்கனமும் எனக்கு உண்டு. வருகிறவர்கள் இரண்டாவது கேள்வி கேட்டாலே கோபம் மூக்குக்கு மேல் வந்துவிடும்.

நாமக்கல் பக்கமிருந்து ஒரு கோழிப்பண்ணைக்காரர் வந்தார். கடன் கொடுத்தவர்கள் ஆளாளுக்கு வழக்குப் போட்டிருந்தார்கள். அப்போதுதான் ஒரு நூல் மில்லுக்கு மனு எழுதி முடித்திருந்தேன். அதையே எடுத்துப் பெயரையும் விவரங்களையும் மாற்றி அவரிடம் நீட்டினேன். பேனாவைத் திறந்தவர் கேட்டார்.

“ஏனுங்க அம்மிணி, தீவனத்துக்கு இதுல ஏதாச்சும் எழுதோணுங்களா?”

“அதெல்லாம் நான் பாத்துக்கறேன். நீங்க கையெழுத்துப் போடுங்க.”

தீர்ப்பாயத்தில் கேட்டதெல்லாம் கிடைத்தது. இனி யாரும் பண்ணையைத் தொட முடியாது. கூடவே பண்ணையின் வங்கிக் கணக்கு, தீர்ப்பாயம் நியமித்த நிர்வாகியின் கைக்குப் போனது. அவருடைய கையெழுத்து வங்கியில் பதிவாகும்வரை ஒரு பைசா எடுக்க முடியாது. மில் என்றால் இயந்திரங்கள் சும்மா நிற்கும். கோழிக்கு, இடைப்பட்ட நாட்களில் தீவனம் வாங்க அனுமதி கேட்டு ஒரு பத்தி எழுதியிருக்க வேண்டும். நான் எழுதவில்லை. தீவனக் கடைகளோ கடன் கொடுப்பதை எப்போதோ நிறுத்தியிருந்தன.

அவசர மனு போட்டுவிட்டுப் பண்ணைக்கு ஓடினேன். காரை விட்டு இறங்கும்போதே சத்தம் கேட்டது. அத்தனை கோழிகளும் காலித் தகரத் தொட்டியைக் கொத்திக்கொண்டிருந்தன. நகையை அடகு வைத்து வாங்கிய மூட்டைகளும் முந்தின நாளே தீர்ந்துவிட்டனவாம். பண்ணைக்காரரின் மனைவி சமையலுக்கு வைத்திருந்த அரிசியை முறத்தில் கொண்டுவந்து தூவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் “வாங்க” என்றார். எனக்குத் திரும்பி ஓடிவிடலாம் போலிருந்தது.

அனுமதி வந்தபோது பாதிக் கூண்டுகள் காலி. மிச்சமிருந்தவையும் முட்டையிடவில்லை.

கம்பெனி என்னவோ பிழைத்தது. இப்போது வேறொருவர் எடுத்து நடத்துகிறார். அந்த வழக்கைச் சொல்லிக்கொண்டே என்னிடம் புது ஆட்கள் வருகிறார்கள். பட்டப்பகலில், பக்கத்து அறையில் குமாஸ்தா வேகமாக டைப் அடித்தால் எனக்கு அந்தத் தகரத் தொட்டிச் சத்தம் கேட்கிறது. எழுந்து வெளியே போய்விடுகிறேன்.

வழக்குக் கோப்பை முடிக்கிற அன்று பண்ணைக்காரர் வந்தார். காகிதங்களை வாங்கி மஞ்சள் பையில் வைத்துக்கொண்டார்.

“ஒண்ணே ஒண்ணு கேக்கட்டுங்களா அம்மிணி? அன்னிக்குத் தீவனத்தப் பத்திக் கேட்டனே, அது உங்க காதுல உழுகலீங்களா?”

“இல்லீங்க, கேக்கல” என்றேன்.

அவர் முகம் தெளிந்தது. “அதானுங்க. ஊட்லயும் அதத்தான் சொன்னேன். காதுல உழுந்திருந்தா அந்தம்மிணி எழுதாம உட்டிருக்குமான்னு.”

கும்பிட்டுவிட்டுப் படியிறங்கிப் போனார்.