பரம்புக்குப் பாரம்

எஷ்கோபில் மெத்தையை நான்காக மடித்துப் பரம்புப் பலகையின் நடுவில் போடுகிறார். அங்கியின் பின்பக்கத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு, டிராக்டருக்கு முதுகைக் காட்டி உட்காருகிறார். மணவறையில் மாப்பிள்ளைகூட இத்தனை நிதானமாக உட்கார்ந்ததில்லை. அவர் "ம்" என்று சொன்ன பிறகுதான் வண்டி நகரவேண்டும். உழுது போட்ட நிலத்தில் பலகை அவரைச் சுமந்துகொண்டு இழுபடும். மண்கட்டிகள் அடியில் நொறுங்கிப் பொடியாகும். போகிற திசையைப் பார்ப்பது டிராக்டர்காரனின் கவலை. தான் நசுக்கியதைப் பார்த்து ரசிப்பதுதான் இவருடைய வேலை.

கஷ்கதாரியா வட்டாரத்து மலையடிவாரத்தில் எல்லாம் வானம் பார்த்த பூமி. முதல் மழைக்கு முன்னால் பார்லியைத் தூவி, மண்ணை அழுத்தி மூடிவிடவேண்டும். பொலபொலவென்று விட்டால் பாதி விதை காக்காய்க்கு, மீதி பனிக்கு. அப்புறம் அடுத்த கோடையில் ஆடுகளுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதுதான். ஆகவே பரம்புக்குப் பாரம் வேண்டும். பக்கத்து ஊர்களில் கல்லைக் கட்டுகிறார்கள். இந்த ஊருக்கு எஷ்கோபில் இருக்கிறார்.

கல்லைப்பற்றி அவருக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது. "கல்லுக்குச் சாயத் தெரியுமா?" என்பார். எந்தப் பக்கம் மண் கெட்டி என்பது உட்காரும் இடத்திலேயே அவருக்குத் தெரிந்துவிடும்; அந்தப் பக்கம் ஒரு சாய்வு சாய்வார். சாய்ந்தபடியே ஊர் விவசாயத்தை அலசுவார். ஒருவன் விதை தூவினால், "வெதைக்கிறானா, கோழிக்குப் போடறானா?" என்று கேட்பார். இன்னொருவன் உழவைப் பார்த்துவிட்டு, பன்றி கிளறினால் இதைவிட நேராக இருக்கும் என்பார். அவருக்குச் சொந்தமாக ஒரு சாண் நிலம் கிடையாது என்பதால் அபிப்பிராயத்துக்குப் பஞ்சமே இல்லை.

கூலி வாங்கமாட்டார், சாப்பிடுவார். கூலியே கொடுத்துத் தொலைக்கலாம் என்று அடுப்படியில் பெண்கள் முணுமுணுப்பதுண்டு. குளிர்காலத்தில் பள்ளிக்கூடத்துக் கொதிகலனுக்கு நிலக்கரி அள்ளிப் போடுகிற உத்தியோகம் அவருக்கு. ஆனால் அதை யாரும் ஞாபகம் வைத்திருப்பதில்லை, அவர் உட்பட.

இந்த வசந்தத்தில் மூச்சு வாங்குகிறதென்று மருத்துவரிடம் போனார். அந்த அம்மாள் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, உடம்பைக் குறைக்காவிட்டால் அடுத்த அறுவடையைப் பார்க்கமாட்டீர்கள் என்று சொல்லிவிட்டாள். அன்றைக்கே அவர் மனைவி சனோபர் ஆட்டுக்கொழுப்பை வீட்டைவிட்டுத் துரத்தினாள். காலையில் முட்டைக்கோஸ், மாலையில் வேகவைத்த பூசணி. கோடை முடிவதற்குள் அங்கிக்குள் இன்னொரு ஆளை வைத்துத் தைக்கலாம் போலாகிவிட்டது.

ஊர் கலங்கிப்போயிற்று. அவருடைய இதயத்தை நினைத்து அல்ல, தங்கள் பார்லியை நினைத்து. பெரிய மனிதர்கள் ஒவ்வொருவராக வந்து, பத்தியத்தை விதைப்புக்கு அப்புறம் வைத்துக்கொள்ளக் கூடாதா என்று சனோபரிடம் நயமாகக் கேட்டார்கள். டிராக்டர்காரன் நோர்மத், முதல் பரம்பு அவன் நிலத்தில்தான் என்பதால், சுவருக்கு மேலாக ஒரு சட்டி கொழுப்புச் சோறே நீட்டினான். அவள் அதை அவன் கண்ணெதிரேயே நாய்க்கு வைத்தாள்.

"வெதைப்பு முடிஞ்சா உங்களுக்கு அவரோட சோலி முடிஞ்சுது. எனக்கு அப்படியில்ல" என்றாள்.

நோர்மத் சட்டியை வாங்கிக்கொண்டு போய்விட்டான்.

எஷ்கோபில் எப்போதும்போல மெத்தையை மடித்துக்கொண்டு வயலுக்கு வந்தார். உட்கார்ந்தார். "ம்" என்றார். பலகை துள்ளிக்கொண்டு ஓடியது. பின்பக்கம் பார்த்து உட்காருகிறவருக்கு ஒரு சங்கடம், எதுவும் ஒளியாது. கட்டிகள் பலகைக்கு அடியில் புகுந்து, முழுசாக வெளியே வந்து, அவரையே பார்த்துக்கொண்டு கிடந்தன. இடப்பக்கம் சாய்ந்தார், வலப்பக்கம் சாய்ந்தார், கன்னத்தை உப்பிக்கொண்டு மூச்சை அடக்கிக்கூடப் பார்த்தார். தூவிய விதை வெயிலில் அப்படியே மினுங்கியது. காக்காய்கள் கூச்சமில்லாமல் பின்னாலேயே நடந்து வந்தன.

"நீ வேகமா ஓட்டுறே" என்றார்.

"இதுக்கு மேல மெதுவாப் போனா வண்டி நின்னுடும்ணே."

கொஞ்ச நேரத்தில் வண்டி நின்றேவிட்டது. நோர்மத் இறங்கி வீட்டுப் பக்கம் போனான். திரும்பி வரும்போது தோளில் ஒரு மணல் மூட்டை. அதை மெத்தைக்கு ஒட்டினாற்போல இறக்கிக் கயிறு போட்டுக் கட்டினான்.

"சும்மா, ஒங்களுக்குத் துணைக்குண்ணே" என்றான், முகத்தைப் பார்க்காமல்.

அடுத்த சுற்றில் கட்டிகள் எல்லாம் பொடிப்பொடியாயின. அழகான பரம்பு. எஷ்கோபிலுக்கு நெஞ்சு எரிந்தது. குழாய் வைத்தால் மருத்துவருக்குக் கேட்கிற எரிச்சல் அல்ல. இத்தனை வருஷம் ஊர் கொண்டாடியது எதை என்று மூட்டை பக்கத்தில் உட்கார்ந்து எடுத்துச் சொல்லிக்கொண்டே வந்தது. அது சாயக்கூட இல்லை.

வரப்பில் துணி விரித்துச் சாப்பாடு வைத்தார்கள். வழக்கம்போல அவர் பக்கம் கொழுப்புத் துண்டுகளைக் குவித்திருந்தான் நோர்மத். அவர் அவற்றை வெகுநேரம் பார்த்தார். பிறகு ஒவ்வொன்றாக நோர்மத் பக்கம் ஒதுக்கிவிட்டு, வெறும் கேரட்டையும் சோற்றையும் மென்றார். யாரும் வற்புறுத்தவில்லை. அதுவே அவருக்கு வலித்தது.

தேநீர் வந்தது. வேண்டிய விருந்தாளிக்கு இங்கே அரைக் கிண்ணத்துக்கு மேல் ஊற்றமாட்டார்கள். விளிம்பு வரை நிரப்பிக் கொடுத்தால் எழுந்து போ என்று அர்த்தம். நோர்மத் அவருக்கு அரைக் கிண்ணம்தான் ஊற்றினான், மரியாதையாக இரண்டு கையாலும் நீட்டினான். எஷ்கோபில் அதைக் குடித்து முடித்தார். பிறகு கெண்டியைத் தானே எடுத்து, அதே கிண்ணத்தில் தளும்பத் தளும்ப ஊற்றினார். எழுந்தார். விரல் சுடச்சுட, ஒரு சொட்டுகூடச் சிந்தாமல் உழவைத் தாண்டி நடந்துபோய், கிண்ணத்தை மணல் மூட்டைக்கு முன்னால் வைத்தார்.