பதிவேட்டில் இருந்த அம்மா

பேருந்து நிலையத்தில் அவளை எல்லாரும் மைக்கக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலோடு சரி. மாடியில் கண்ணாடி போட்ட சின்ன அறை, ஒரு மேஜை, கிறீச்சிடும் மின்விசிறி, முன்னால் மைக். எந்த வண்டி எந்த நடைமேடைக்கு வருகிறது, எது தாமதம், யாருடைய பிள்ளை கைவிட்டுப்போய் அழுதுகொண்டு நிற்கிறது என்பதெல்லாம் அவள் வாயால்தான் வெளியே தெரியும். வீட்டிலும் அதே குரலில் பேசுவதாகக் கணவர் கேலி செய்வார். "சாப்பாடு புறப்படத் தயாரா இருக்கா?" என்பார்.

அவளைப் பெற்றவள் வேறு, வளர்த்தவள் வேறு. அக்கா தங்கை இரண்டு பேர். அக்காவுக்குப் பிள்ளை இல்லை. தங்கைக்கு மூத்தது மகன், அடுத்தது இவள். நடக்கத் தொடங்குவதற்கு முன்பே இவளைத் தூக்கி அக்காவின் மடியில் போட்டுவிட்டாள் தங்கை. யாரும் எதையும் மறைக்கவில்லை. வளர்த்த பெரியம்மாவை அம்மா என்றாள். பெற்றவளைச் சித்தி என்றாள். அந்த வீட்டில் எல்லாருக்கும் அது இயல்பாகத்தான் இருந்தது. பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது தாயின் பெயர் என்ற இடத்தில் பெற்றவள் பெயரை எழுதினார்கள். வேலைக்குச் சேர்ந்தபோதும் அதுவே பதிவேட்டுக்குப் போனது. அப்போது அதைப் பெரிதாக நினைக்க ஆளில்லை.

அம்மா படுக்கையில் விழுந்தபோது மைக்கக்காவின் தற்செயல் விடுப்பெல்லாம் ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே கரைந்துபோயிற்று. ஒரு விடியலில் மூச்சு நின்றது. மேலாளருக்குப் போன் செய்தாள்.

"சார், அம்மா போயிட்டாங்க. இன்னைக்கு வர முடியாது."

"ஐயோ. நீங்க போய் ஆக வேண்டியதைப் பாருங்கம்மா. மத்ததை நான் பாத்துக்கறேன்" என்றார் அவர். கொஞ்ச நேரம் கழித்து அவரே திரும்பக் கூப்பிட்டார். குரல் இறங்கியிருந்தது. "தப்பா எடுத்துக்காதீங்க. அம்மான்னு பதிவுல இருக்கிறவங்க வேற யாரோவாமே?"

"அவங்க என்னைப் பெத்தவங்க சார். எங்க சித்தி."

"பெத்தவங்க எப்படிம்மா சித்தி ஆவாங்க?"

அவள் விளக்கிச் சொன்னாள். மேலாளர் கெட்ட மனிதர் இல்லை. துக்க விடுப்பு தாய், தகப்பன், கணவன் மனைவி, பிள்ளைக்கு மட்டும்தான் என்று விதி இருந்தது. ஒரு கூரைக்குக் கீழே தாய் தகப்பனும் பிள்ளைகளும் மட்டும் இருப்பதுதான் குடும்பம் என்று நினைத்த யாரோ, எப்போதோ எழுதியது. பெரியம்மா, அத்தை, மாமா எல்லாரும் அதில் 'இதர உறவினர்' என்ற சொல்லுக்குள் கிடந்தார்கள்.

"காலையில காரியத்தை முடிச்சிட்டு, மத்தியான ஷிப்டுக்கு மட்டும் வந்துடுங்கம்மா. இன்னொரு அறிவிப்பாளரும் பிரசவ லீவுல இருக்காங்க. எனக்கு வேற வழி தெரியல."

அடக்கம் முடிந்தது. குளித்து ஈரத்தலையோடு வந்து மைக்கின் முன்னால் உட்கார்ந்தாள். நடைமேடை எண்களைச் சொன்னாள். ஒரு குடையைத் தொலைத்தவர் வந்து வாங்கிக்கொள்ளும்படி சொன்னாள். குரல் பிசிறவில்லை. அதுவே கீழே இருந்தவர்களைக் கலவரப்படுத்தியிருக்க வேண்டும். செய்தி பரவி ஓட்டுநர்கள் ஒவ்வொருவராக மாடிப்படியில் வந்து நின்றுவிட்டுப் போனார்கள். எல்லாருக்கும் வயதில் மூத்தவரான நேரக்காப்பாளர் மேலே வந்து மைக்குக்குக் கையை நீட்டினார்.

"இங்க குடும்மா. நான் சொல்றேன். நீ சும்மா உக்காரு."

"சும்மா உக்காந்தா என்ன பண்றதுன்னு தெரியலண்ணே. இதையே சொல்லிட்டு இருக்கேன்."

அவர் போகவில்லை. பக்கத்து நாற்காலியில் ஷிப்டு முடியும்வரை உட்கார்ந்திருந்தார். அவருடைய வேலையைக் கீழே நடத்துநர்கள் பிரித்துப் பார்த்துக்கொண்டார்கள். அதற்கு எந்த விதியும் இல்லை. துக்க வீட்டு ஆளைத் தனியே விடக்கூடாது என்று யாரும் சொல்லித்தரவும் தேவைப்படவில்லை.

அடுத்த வருடம் சித்தி போனாள். இம்முறை போன் அலுவலகத்திலிருந்தே வந்தது.

"அம்மா தவறிட்டாங்களாமே. லீவு போட்டாச்சு. முழுச் சம்பளம். நீங்க எதைப் பத்தியும் யோசிக்காதீங்க" என்றார் மேலாளர். இந்த முறையாவது சரியாகச் செய்கிறோம் என்ற நிம்மதி அவர் குரலில் இருந்தது.

சித்தியின் வீட்டுக் கூடத்தில் மைக்கக்கா சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். வந்தவர்கள் எல்லாரும் அவளைத்தான் கட்டிக்கொண்டு அழுதார்கள். அவளுக்கு அழுகை வரவில்லை. கால் மரத்துப்போனதைப் போல நெஞ்சுக்குள் ஏதோ மரத்துக் கிடந்தது. கூட்டம் கலைந்த பிறகு அண்ணன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். ஒரு வயிற்றில் பிறந்தும் ஒரு வீட்டில் வளராத அண்ணன்.

"உனக்கு அவங்க மேல கோவமா?"

"கோவம் இல்லண்ணே. பழக்கம் இல்ல."

அவர் தலை குனிந்துகொண்டார். "எங்க போறதா இருந்தாலும் உன் பஸ் ஸ்டாண்டுக்கு வந்துதான் பஸ் ஏறுவாங்க. வீட்டு வாசல்லயே வண்டி நிக்குது, எதுக்கும்மா இந்தச் சுத்துன்னா, அங்கதான் உக்கார இடம் கெடைக்குதும்பாங்க."

"தெரியும். கண்ணாடி வழியா பாத்திருக்கேன்."

"கூப்பிட்டிருக்கலாமே?"

"அவங்களும் மேல வந்திருக்கலாம்."

விடுப்பின் மற்ற நாட்களில் வீட்டிலேயே இருந்தாள். துவைத்த துணியையே மறுபடி துவைத்தாள். கணவர் கேலி எதுவும் செய்யாமல் காயப்போட உதவினார். அம்மாவுக்குக் கிடைத்திருக்க வேண்டிய நாட்கள் இவை என்று அவளுக்குத் தோன்றியது. அந்த நினைப்பும் உடனே மங்கிப்போனது.

இந்தக் கதையை மேலாளர் தலைமை அலுவலகத்துக்குக் கொண்டுபோனார். அவளையும் வரச் சொன்னார்கள். நீளமான மேஜையைச் சுற்றி அதிகாரிகள். ஒருவர் சிரித்தார். "பெரியம்மா, பெரியப்பா, அத்தை, மாமான்னு எல்லாத்துக்கும் லீவு குடுத்தா வண்டியை யாருங்க ஓட்டுறது?"

"அவங்க எல்லாரும் இருந்ததாலதான் சார் நம்ம பசங்க வளந்து வண்டி ஓட்ட வந்திருக்காங்க" என்றார் மேலாளர். அவர் அப்படிப் பேசி யாரும் கேட்டதில்லை. பிறகு அவள் பக்கம் திரும்பினார்கள்.

"எனக்குச் சொல்லத் தெரியல சார். ரெண்டு பேருமே போயிட்டாங்க. எனக்கு இனிமே இந்த லீவு தேவைப்படாது" என்றாள்.

சிரித்தவர் தண்ணீர்க் குவளையை நகர்த்தி வைத்தார். சில மாதங்களில் விதி மாறியது. ஒவ்வொரு ஊழியரும் 'வளர்த்தவர்' என்று ஒருவரைப் பதிவு செய்யலாம், அவர் இறந்தாலும் துக்க விடுப்பு உண்டு என்றார்கள்.

அதன்பின் வீடுகளில் நடந்ததை அதிகாரிகள் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். "என்னை எழுதலையா? ஒன்னைக் கால்ல போட்டுக் குளிப்பாட்டினது யாரு?" என்று அத்தைகள் சண்டைக்கு வந்தார்கள். ஒரு நடத்துநர் மாமியார் பெயரை எழுத, அவருடைய சொந்த அக்கா பேசுவதை நிறுத்தினாள். இன்னொருவர் பக்கத்து வீட்டுக்காரரை எழுதினார். அதைக் கேட்டு மொத்தத் தெருவும் வாயடைத்துப்போயிற்று. யார் யாரை வளர்த்தார்கள் என்று இத்தனை வருடம் எழாத பேச்சு வீடு வீடாக எழுந்தது.

மைக்கக்காவிடமும் கேட்டார்கள். அம்மாவின் பெயரைச் சொன்னாள். உயிரோடு இருப்பவரைத்தான் சேர்க்க முடியும் என்றார் எழுத்தர் சங்கடத்தோடு. "அப்ப காலியா இருக்கட்டும்" என்றாள்.

புதிய விதியில் முதலில் விடுப்பு எடுத்தவர் பணிமனை மெக்கானிக். அவரை வளர்த்தது அத்தை. காரியமெல்லாம் முடிந்து வேலைக்குத் திரும்பிய அன்று மாடியேறி வந்தார். கையில் கிரீஸ் இல்லாமல் அவரைப் பார்க்க வேறு யாரோ போல இருந்தது.

"உங்களாலதான்க்கா அவங்க காரியம் முடியறவரைக்கும் நான் கூட இருந்தேன்."

"நான் ஒண்ணும் பண்ணலப்பா."

பணிவுக்காகச் சொல்லவில்லை, அவளுக்கு அப்படித்தான் தோன்றியது. அவர் முகத்தைப் பார்த்தாள். கன்னம் ஒட்டியிருந்தது.

"சாப்டியா?"

இல்லை என்று தலையாட்டினார். அவள் தன் டப்பாவைத் திறந்து, மூடியில் பாதியை வைத்து அவர் பக்கம் தள்ளினாள். இருவரும் சேர்ந்து சாப்பிட்டார்கள்.