அறுபதில் நின்ற முள்

ஜனவரி இரண்டாம் சனிக்கிழமை ஆக்ராவில் என் மனைவி வசந்தாவின் அக்கா மகளுக்கு வளைகாப்பு. என்னுடைய டீசல் காருக்குப் பத்து வயது முடிந்ததால் டெல்லியில் ஓட்டக்கூடாதாம். அந்த வயிற்றெரிச்சல் தனி. மயூர் விஹாரில் எங்கள் குடியிருப்பில், விபத்துக்குப் பிறகு பழுது பார்த்து சும்மா நின்ற மச்சினன் முரளியின் காரை எடுத்தோம்.

இரண்டு குளிர்காலங்களுக்கு முன், இதே ஆக்ரா விரைவுச்சாலையில், மூடுபனியில், முன்னால் போன லாரியின் பின்புறம் இந்தக் காரைக் கொண்டுபோய் இடித்தவன் அவன். இடது முட்டி போயிற்று. “அத்தான், சத்தியமா முள்ளு அறுபதைத் தாண்டல” என்று ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் சொன்னான். குடும்பத்தில் யாரும் நம்பவில்லை. என் கல்யாணத்திலிருந்தே அவன் சொன்ன எதையும் நான் நம்பியதில்லை. காரணங்களை எழுத இந்தப் பதிவு போதாது.

காலை ஆறரைக்குக் கிளம்பினோம். வரைபடத்தில் 208 கிலோமீட்டர். விரைவுச்சாலையில் ஏறியதும் எல்லாம் வெள்ளை. இங்கே பனியில் எல்லோரும் செய்வதுதான்: முன்னால் போகிறவரின் சிவப்பு விளக்கைப் பிடித்துக்கொண்டு ஒரே வேகத்தில் பின்தொடர்வது. எனக்கு ஒரு டாக்ஸி கிடைத்தது. முள்ளை அறுபதில் நிறுத்தினேன்.

வண்டி மெத்தை போல மிதந்தது. கான்கிரீட் இணைப்புகளில் கேட்கும் தடக் தடக் கூட இல்லை. நகர்கிற உணர்வே இல்லாமல் வெள்ளைக்குள் நின்றுகொண்டிருந்தோம். அப்போது அந்தச் சிவப்பு விளக்குகள் மெல்லப் பெரிதாயின. டாக்ஸி பின்னோக்கி வருவதாகவே நினைத்தேன். பிரேக்கைத் தொட்டேன், விலகியது. மறுபடி அறுபது. மறுபடி ஓசையில்லாமல் எங்களை நோக்கி வந்தது.

“என்னங்க, அவன் நிக்கறானா?” என்றாள் வசந்தா.

வழியோர ஓய்விடத்துக்குள் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தபோது, அடியில் யாரோ நகத்தால் சுரண்டுவது போல ஒரு சத்தம். நிறுத்தியதும் நின்றது. இரண்டு டீ, அறுபது ரூபாய். அந்த டாக்ஸிக்காரரும் அங்கேதான் நிறுத்தியிருந்தார். நேராக வந்து, அறுபதுக்குக் குறையாமல்தானே போனேன், என்னை ஏன் இடிக்கப் பார்க்கிறாய் என்று இந்தியில் கேட்டார். நானும் அறுபதுதான் என்றேன். நம்பாமல் போய்விட்டார்.

கதவைத் திறந்து சட்டத்தில் ஒட்டியிருந்த தாளைப் பார்த்தேன். கம்பெனி சொல்லும் டயர் அளவு: 185/65 R15. டயரில் இருந்தது 205/65 R16. கார் ஜீப் போல உயரமாகத் தெரிய வேண்டும் என்று முரளி மாட்டியது. பெரிய டயர் ஒரு சுற்றில் அதிகத் தூரம் போகும். மீட்டருக்கு அது தெரியாது, பழைய டயரின் கணக்கிலேயே காட்டும். முள் காட்டுவதைவிட வண்டி சுமார் எட்டு சதவீதம் கூடுதல் வேகத்தில் போகும். திருப்பும்போது மட்கார்டின் உள்பக்கத்தை உரசுவதும் அதுதான்.

அங்கிருந்து வசந்தா போனில் வேகம் பார்த்தாள். முள் அறுபது, போன் அறுபத்தைந்து. போனை மடியில் வைத்துவிட்டு, “முரளி இதைத்தானங்க சொன்னான்” என்றாள். நான் ஐம்பதுக்கு இறங்கினேன்.

ஆக்ராவில் மீட்டர், கிளம்பியதிலிருந்து 192 கிலோமீட்டர் என்று காட்டியது. பதினாறு கிலோமீட்டரைக் காணவில்லை.

இதே வழியில் வருகிறவர்களுக்கு: வாங்கிய, இரவல் வாங்கிய எந்தக் காரானாலும் கதவுத் தாளையும் டயரையும் ஒப்பிடுங்கள். போனில் வேகத்தைச் சரிபாருங்கள். முன்னால் போகும் வண்டியின் விளக்கு நெருங்கினால் முள்ளை நம்பாதீர்கள், வேகத்தைக் குறையுங்கள். மறுநாள் ரிம்மோடு நான்கையும் மாற்றினேன், முப்பத்திரண்டாயிரம். அழகுக்கு ஆசைப்பட்டவன் அவன், தண்டம் எனக்கு.

அன்று வளைகாப்பு வீட்டு வாசலில், முந்தின நாளே ரயிலில் வந்துவிட்ட முரளி காலை நீட்டி நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். காரையே பார்த்துக்கொண்டிருந்தவன் கேட்டான்: “பனியில எத்தனைல வந்தீங்க அத்தான்?”

நான் மன்னிப்புக் கேட்கிற ஆள் இல்லை. “முள்ளு அறுபதைத் தாண்டல” என்றேன்.