சர்வருக்கு வைத்த சந்தனம்

அந்தச் சர்வரைக் கொன்றவன் நான். முத்துலட்சுமி அல்ல... நான்தான்!

தொண்ணூறுகளின் நடுவில், இராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி நெய்து வெளிநாட்டுக்கு அனுப்பும் மில் ஒன்றில் கம்ப்யூட்டர் பிரிவு என் பொறுப்பில் இருந்தது. எல்லா மேசைக் கம்ப்யூட்டர்களின் கோப்புகளையும் ஒரே இடத்தில் சேமிக்க ஒரு சர்வர் தேவைப்பட்டது. சென்னைக் கம்பெனி ஒன்று முழுதாகக் கட்டி முடித்த பெட்டியைத் தருவதாகச் சொன்னது. இல்லையேல் பாகங்களை வாங்கி நாமே கட்டிக்கொள்ளலாம்.

"நீ என்னலே சொல்லுத?" என்றார் முதலாளி.

"நானே கட்டித் தாரேன், மொதலாளி."

ஏன் அப்படிச் சொன்னேன்? மில்லின் நன்மைக்காகவா? அட, போங்கள்! இந்த ஊரில் சர்வர் கட்டியவன் என்ற பெயர் எனக்கு வேண்டியிருந்தது. அவ்வளவுதான்.

பக்கத்து மேசையில் டைப் செய்யும் முத்துலட்சுமி, "கம்பெனிப் பொட்டியே வாங்கிரலாமேண்ணே. கெட்டுப்போனா அவியளே வந்து பாப்பாவ" என்றாள். வன்னியம்பட்டியிலிருந்து டவுன் பஸ்ஸில் வருகிறவள். அவள் வீட்டில் வெயிலில் நிற்காமல் சம்பளம் வாங்கிய முதல் ஆள். தங்கையின் படிப்பே அந்தச் சம்பளத்தில்தான் நடந்தது.

"ஒனக்கு என்ன தெரியும்? வேலையப் பாரு" என்று வாயை அடைத்தேன்.

கட்டினேன். ஓடியது. ஆனால் எங்கள் ஊரில் பஞ்சு பறக்காத அறை ஏது? கம்பெனிப் பெட்டியில் தூசி தடுக்க வடிகட்டி உண்டு. என்னுடையதில் இல்லை. என்ன செய்தேன் தெரியுமா? மில்லின் பேண்டேஜ் துணியையே பல மடிப்பாக மடித்து, பின்பக்கம் காற்று புகும் வாயில் கட்டிவிட்டேன்! புண்ணுக்குப் போடும் துணி... அதை அடிக்கடி மாற்ற வேண்டும் என்பதும் தெரியும். மாற்றவில்லை. பெயர் கிடைத்த பிறகு யார் குனிந்து பார்ப்பது?

ஆயுத பூஜை வந்தது. தறிகளுக்குப் பொட்டு வைத்த கையோடு முத்துலட்சுமி சர்வருக்கும் சந்தனம் குங்குமம் வைத்தாள். வைக்கச் சொன்னதே நான்தான்.

விடுமுறை முடிந்து மில் திறந்த அன்று மதியத்துக்குள் சர்வர் நின்றுவிட்டது. பெட்டி இட்லிக் கொப்பரையாகச் சுட்டது. ஒன்று போனால் மற்றொன்று காக்கும் என்று மார்தட்டிப் பொருத்திய இரண்டு டிஸ்க்குகளும் வெந்துபோயிருந்தன. ஏற்றுமதி விவரங்கள் அத்தனையும் போயின.

துணியை உருவினேன். தலையணைபோல் பஞ்சு திரண்டிருந்தது. முதலாளியின் செருப்புச் சத்தம் கேட்டது... சுருட்டிக் கால்சட்டைப் பையில் திணித்துக்கொண்டேன். பெட்டியின் முன்பக்கம் சந்தனம் வழிந்து, ஃபிளாப்பி போடும் வாயருகே காய்ந்திருந்தது.

"என்னலே ஆச்சு?"

"சந்தனத் தண்ணி உள்ள எறங்கிருச்சு போல, மொதலாளி."

ஒரே ஒரு வாக்கியம்!

"லேசாத் தொட்டுத்தான வச்சேன்..." என்றாள் முத்துலட்சுமி. பிறகு தன் விரலையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் என்னைச் சந்தேகப்படவில்லை ஐயா, தன்னைச் சந்தேகப்பட்டாள்! அன்று மாலையே வேலை போயிற்று. போகும்போது, "ஒங்க பேரையும் கெடுத்துட்டேன், மன்னிச்சிருங்கண்ணே" என்றாள். என்னிடம்... என்னிடம் மன்னிப்பு!

அடுத்து மில் கம்பெனிச் சர்வரையே வாங்கியது. அதைப் பார்த்துக்கொள்ளவும் என்னையே வைத்தார்கள். நான் வேண்டாமென்றா சொன்னேன்?

சில ஆண்டுகள் கழிந்தன. ஒரு ஆயுத பூஜை நாளில் ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா வாங்கக் கடையேறினேன். உள்ளே பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தவள் முத்துலட்சுமி. தங்கை படிப்பை நிறுத்திவிட்டாள் என்று அவளாகவே சொன்னாள். நான் கேட்கவில்லை. கேட்க எனக்கு வாய் ஏது?

கடைக்காரர் சந்தனக் கிண்ணத்தை நீட்டினார். "ஏட்டி, தராசுக்கு ஒரு பொட்டு வையி."

அவள் கையை வெடுக்கென்று முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"நான் வைக்கமாட்டேன் அண்ணாச்சி. எங் கை பட்டா மிஷினு செத்துப்போகும். வேணும்னா இந்த அண்ணன்ட்டக் கேளுங்க, அவிய கூடத்தான் இருந்தாவ."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். கடைக்காரர் என்னைப் பார்த்தார்.

நான்... ஆமாம் என்று தலையாட்டினேன்.